திங்கட்கிழமை ஐயருக்கு லீவு உண்டா? – ஊழியமும் ஓய்வும்

நாங்குநேரி_ஊழியர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஒரு கிராமச் சபையில் ஊழியர். ஐயர் (எங்கள் பக்கம் குருப்பட்டம் பெற்ற போதகரை அப்படித்தான் அழைப்போம்) இல்லை, பழைய ஆட்கள் உபதேசியார் என்பார்களே, அந்த வேலை. எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) சுற்றுவட்டார ஊர்ச் சபைகள் எல்லாவற்றுக்கும் ஐயர் ஒருவர்தான். ஜெபக்கூட்டம், சாதாரண ஞாயிறு ஆராதனை எல்லாம் நாங்கள் நடத்திவிடலாம். திருவிருந்து என்றால் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு ஒரு ஊரில் ஆரம்பிப்பார். ஆசீர்வாதம் சொன்ன கையோடு அங்கியைச் சுருட்டி பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுவார். அங்கே இரண்டாம் மணி அடித்து ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு காத்திருப்பார்கள். மதியத்துக்கு மேல் ஒரு நிச்சயதார்த்தமோ அடக்கமோ இல்லாத ஞாயிறு குறைவு.

போன கமிட்டியில் வாலிபர் ஒருவர், “ஐயருக்கும் ஊழியர்களுக்கும் திங்கட்கிழமை ஓய்வுன்னு தீர்மானம் போடுவோம்” என்றார். மூத்தவர் ஒருவர், “இது என்ன கவர்மெண்ட் உத்தியோகமா, லீவு கேக்க?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது அசனத்துக்கு (சபையார் கூடி உண்ணும் விருந்து) ஆடு பிடிக்கிற பேச்சு, அதோடு போச்சு.

நான் கேட்பது இரண்டு. இப்படி ஒரு தீர்மானம் உங்கள் பக்கம் எங்கேயாவது நடைமுறையில் இருக்கிறதா? இன்னொன்று, நேரம் கிடைத்தாலும் மனசு அந்த இடத்தில் நிற்க மாட்டேங்கிறது. சுகமில்லாத பாட்டி தலையில் கை வைத்து ஜெபம் பண்ணும்போது சட்டைப் பையில் போன் அதிர்கிறது. வாய் ஜெபிக்கிறது, மனசு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கியாச்சா என்று கணக்குப் போடுகிறது. இதற்கு என்ன செய்வது?

ஓய்வு_வாத்தியார்:
தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்தார், 1838ல் இங்கேயே கண்ணை மூடினார். அந்த 18 வருஷத்தில் அவர் எழுப்பிய சபைகளில்தான் நாம் பலர் ஞானஸ்நானம் பெற்றோம். ராக்லாந்து ஐயர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த மேதை. வட திருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராக அலைந்தார், 1858ல் சிவகாசியில் இறந்தார், வயது 43. கால்டுவெல் ஐயர் இடையன்குடிக் கோயிலை 1847ல் தொடங்கி 1880ல் பிரதிஷ்டை பண்ணினார். 33 வருஷம். இவர்கள் திங்கட்கிழமை லீவு எடுத்திருந்தால் இந்தச் சீமையில் சபை ஏது?

இளைப்பாறுதலுக்கு வசனம் காட்டுவீர்கள், தெரியும். மாற்கு சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சீஷரை வனாந்தரத்துக்கு இளைப்பாற அழைக்கிறார். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். ஜனங்கள் முந்திக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். அவர் எரிச்சல்படவில்லை, மனதுருகி உபதேசித்தார், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடும் போட்டார். லீவு கேன்சல்!

தேரிக்காட்டான்:
வாத்தியாரையா சொன்னது எல்லாம் சரித்திரம், மறுக்கல. ஆனா பாதிச் சரித்திரம். கால்டுவெல் ஐயர் 1891ல எங்க இறந்தார்? கோடைக்கானல்ல. அங்கேயிருந்துதான் இடையன்குடிக்குக் கொண்டுவந்து கோயிலுக்குள்ளயே அடக்கம் பண்ணினாங்க. கோடைக்கானல்ல முதல் வீடுகள் கட்டினது யார்? 1845ல அமெரிக்க மதுரை மிஷன்காரங்க. காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆளுகளை வரிசையாப் பறிகொடுத்த பிறகுதான் மலைக்குப் போகணும்னு புத்தி வந்துச்சு. அதுக்கப்புறம் வெயில் காலத்துல மலையேறுறது மிஷன் வழக்கமாவே ஆயிருச்சு, யாரும் அதைச் சோம்பல்னு சொல்லல. கீழே அக்கினி வெயில்ல சபையைக் காத்தது நம்ம உபதேசிமார். ஓய்வுங்கிறது துரைமாருக்கு முறை, உபதேசியாருக்குக் குற்றம். இந்தக் கணக்கு இன்னும் நம்ம மண்டையில இருக்கு.

ராக்லாந்து ஐயர் 43 வயசுல இறந்ததை மேடையில தியாகம்னு சொல்லுவோம். நம்ம ஐயர் 43ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லுவோம்?

இன்னொன்னு. எங்க அப்பா பனையேறி. பருவத்துல ஓய்வே கிடையாது. பாளையைத் தினம் சீவணும், ஒரு நாள் விட்டா காஞ்சு பால் நின்னுரும். ஞாயித்துக்கிழமையும் ஏறித்தான் ஆகணும், அதுக்காக அந்தக் காலத்துல கோயில்ல ஏச்சும் வாங்கியிருக்காங்க. ஆனா ஆடி போனா பருவம் முடிஞ்சுது. அரிவாள்பெட்டியை உத்தரத்துல மாட்டிட்டு திண்ணையில உக்காருவாரு. மரமும் ஓயும், ஆளும் ஓய்வாரு. ஊழியத்துல அந்த ஆடி எது? டிசம்பர்ல கரோல், 31 ராத்திரி ஆராதனை, புது வருஷம், லெந்து, பெரிய வெள்ளி, ஈஸ்டர், மே மாசம் வி.பி.எஸ்., அப்புறம் அறுப்பின் பண்டிகை, பிரதிஷ்டை, அசனம், கன்வென்ஷன். இடையில ரெண்டு வாரம் சும்மா கிடந்தா உபவாச ஜெபம்னு போட்டு நிரப்பிருதோம். காலி வாரத்தைக் கண்டா நமக்குக் கை நமநமங்குது.

பெங்களூர்_நெல்லையான்:
அண்ணே, ஒரு காலண்டர் ஆப்ல எல்லாச் சபை நிகழ்ச்சியையும் போட்டு ஷேர் பண்ணிட்டா பாதி குழப்பம் தீரும். ஐயர் எங்க இருக்கார்னு எல்லாருக்கும் தெரியும்.

ஐயரம்மா_பேசுதேன்:
தம்பி, எல்லாருக்கும் தெரியிறதுதான் இப்ப கஷ்டமே!

நான் ஒரு சேகரத்து ஐயர் சம்சாரம். பேரு வேண்டாம், ஊரும் வேண்டாம். மனையில இருந்து பாக்குறதைச் சொல்லுதேன். அவுக ராத்திரி வந்து கைகால் கழுவி இலையில உக்காருவாவ. ரெண்டு வாய் போயிருக்காது, கேட்டு கிறீச்சுங்கும். “ஐயர் சாப்பிடுதாவளா? பரவால்ல, நாங்க வெளிய இருக்கோம்”னு வராந்தாவுல உக்காந்துருவாவ. அவுக அப்படி உக்காந்த பிறகு இவுக என்னத்த சாப்பிட? சோத்துல மோரை ஊத்தி மடமடன்னு குடிச்சிட்டு எந்திரிச்சுருவாவ. வந்தவங்க விஷயம் என்னன்னா, புது டிராக்டரை ஜெபிச்சுக் கொடுக்கணும், நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர முடியுமா. அவ்வளவுதான். போன்ல கேட்டிருக்கலாம். ஆனா நேர்ல வந்து அழைக்கிறதுதான மரியாதை.

நான் அவங்களைக் குறை சொல்லல. எங்களுக்கு அரிசி கொண்டுவாரதும் அவங்கதான், எங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னா ராத்திரில கார் எடுத்துட்டு ஓடி வாரதும் அவங்கதான். அன்பு இருக்கு. ஆனா இவுகளும் ஒரு மனுஷன்னு நினைப்பு இல்ல.

வாத்தியார் ஐயா, நீங்க மாற்கு 6 சொன்னீங்க. லீவு கேன்சல்னு அங்கேயே நிறுத்திட்டீங்க. இன்னும் பத்து வசனம் தள்ளி வாசிங்க. சாப்பாடு போட்டு முடிஞ்சதும் சீஷரைப் படவுல ஏத்தி முதல்ல அனுப்புதார். பிறகு ஜனங்களையும் அவரே அனுப்பிவிட்டுட்டு, தனியா மலைக்குப் போறார். ஜனம் போக மாட்டேன்னுதான் நின்னிருக்கும். வயிறு நிறைஞ்ச கூட்டம், யோவான் சுவிசேஷத்துல ராஜாவாக்கப் பாத்தாங்கன்னே இருக்கு. இருந்தாலும் அனுப்பினார். கூட்டத்தைச் சேக்குறதுக்குப் பைபிள் காலேஜ்ல படிச்சுக் கொடுக்காவ. “போயிட்டு நாளைக்கு வாங்க”ன்னு அனுப்புறதுக்கு யாரும் படிச்சுக் கொடுக்கல.

ஓய்வு_வாத்தியார்:
அம்மா, அந்த வசனம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் போனது ஜெபம்பண்ண. தூங்க அல்ல.

ஐயரம்மா_பேசுதேன்:
படவுல பின்னணியத்துல தலையணை வச்சுத் தூங்கினதும் அதே மாற்குதான் ஐயா, 4ஆம் அதிகாரம். புயல்ல!

தேரிக்காட்டான்:
😀 வாத்தியாரையா, ஐயரம்மாகிட்ட வசனத்துல மோதாதீங்க.

ஹைகிரவுண்ட்_நர்ஸ்:
நான் பாளையங்கோட்டையில் நர்ஸ். பொதுவாக ஒன்று சொல்கிறேன். பெரியவர்களுக்கு ராத்திரி 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இது உடம்புக்கு, ஆவிக்குரிய பலம் வேறு, இது வேறு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகணும் என்று கேட்டபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிட வைத்தான், தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். எங்கள் வார்டில் நாங்கள் செய்கிற வரிசையும் அதுதான்.

இன்னொரு விஷயம், வீடு சந்திப்பு. போகிற வீட்டிலெல்லாம் காப்பி. வேண்டாம் என்றால் மனசு வருத்தம். அதிலும் ஐயருக்கு என்றால் சீனி ஒரு கரண்டி கூட. தட்டில் மிக்சரும் முறுக்கும். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. சுகர் வராமல் என்ன செய்யும்? சபையார் நிஜமாக ஐயர்மேல் பாசம் என்றால் சீனி இல்லாத கட்டன்சாயா கொடுங்கள், இல்லை, ஒரு செம்புத் தண்ணீர் போதும்.

2019ல் உலக சுகாதார நிறுவனம் வேலைச் சோர்வைப் பற்றி எழுதியபோது மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வடிந்துபோவது, வேலைமேல் ஒரு கசப்பும் விலகலும், வேலையின் தரம் குறைவது. இரண்டாவதைக் கவனியுங்கள். ஜனங்களைக் கண்டாலே எரிச்சல் வந்தால் அது “ஆவியில் குளிர்ந்துபோனது” என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சுயாதீன_போதகர்:
கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துக்கள். டயோசிஸ் (திருமண்டலம்) ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, இடமாற்றம் உண்டு, குடியிருக்க அறைவீடு உண்டு. எங்களைப் போன்றவர்கள் நிலைமை வேறு. நான் ஒரு சிறு ஜெபவீடு நடத்துகிறேன். ஒரு வாரம் நான் மேடையில் இல்லையென்றால் காணிக்கை குறையும், கட்டட வாடகை குறையாது. விசுவாசி வீட்டுக்கு அழைத்து நான் போகாவிட்டால் அடுத்த தெருவில் வேறொரு போதகர் போவார், அந்தக் குடும்பமும் அவரோடே போகும். ஆகவே ஓய்வெடுக்காதது எல்லாம் வைராக்கியம் என்று எண்ண வேண்டாம். பயமும் உண்டு. இதை மேடையில் சொல்ல மாட்டேன், இங்கே பேரில்லாததால் சொல்கிறேன்.

பெங்களூர்_நெல்லையான்:
பாஸ்டர், நீங்க வெளிப்படையா எழுதினதுக்கு நன்றி. நான் வேற ஒண்ணு கேட்கலாம்னு இருந்தேன். ஐயர், ஊழியர் மட்டுமா ஓடுறாங்க? வாலிபர் சங்கம், கொயர், ஓய்வுநாள் பள்ளி டீச்சருங்க எல்லாம் வாரம் முழுக்க வேலைக்குப் போயிட்டு சனி ஞாயிறு கோயில்லயே கிடக்காங்க. எங்க அக்கா பள்ளிக்கூட டீச்சர், ஞாயித்துக்கிழமையும் டீச்சர். டிசம்பர்ல நான் லீவு போட்டு ஊருக்கு வந்தா, கரோல் ரவுண்ட்ஸ் ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிச்சு விடியக்காலம் வரைக்கும். கடைசித் தெருவுல பாடும்போது கித்தார்காரன் நின்னுக்கிட்டே தூங்குறான். வீட்டுக்காரங்களும் தூக்கக் கலக்கத்துல கதவைத் திறந்து, கவரை நீட்டிட்டு, எப்படா போவாங்கன்னு நிக்கிறாங்க. இது யாருக்குச் சந்தோஷம்?

தேரிக்காட்டான்:
எங்க ஊர்ல ரெண்டு வருஷமா மாத்தியாச்சு. ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ஆம் வருஷ விதியே இருக்கு, போலீஸ்காரங்க வந்து சொன்ன பிறகுதான் நம்மாளுகளுக்கு ஞாபகம் வந்துச்சு. இப்ப தெருவைப் பிரிச்சு ரெண்டு மூணு ராத்திரியா வச்சிருக்கோம், பத்து மணிக்கு முடிஞ்சுரும். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு முழுப் பாட்டு. முன்னாடி ஒரு சரணம் பாடிட்டு ஓடுவோம். போன தடவை ஒரு வீட்டுல படுத்த படுக்கையா இருந்த தாத்தா, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையனைப் பக்கத்துல கூப்பிட்டு, தாடியை விலக்கிப் பாத்து “நீ யாரு மவன்ல?”ன்னு விசாரிச்சார். அவன் குடும்ப வரலாறு முழுக்கச் சொல்லி முடிக்கிற வரை எல்லாரும் நின்னோம். சுக்குக்காப்பி வந்துச்சு, குடிச்சோம்.

நாங்குநேரி_ஊழியர்:
நான் இரண்டாவதாகக் கேட்டது இதுதான் அண்ணாச்சி, இந்த மாதிரி நிற்க முடிகிறதா என்பதுதான். எங்கள் வீடு சந்திப்பு நோட்டில் குடும்பத் தலைவர் பேர், தேதி, டிக். மாசக் கடைசியில் எத்தனை டிக் என்று கணக்குக் கொடுக்கணும். டிக் அடிக்கிற அவசரத்தில் செருப்பைக் கழற்றும்போதே ஜெபத்தை ஆரம்பித்துவிடுகிறோம்.

ஓய்வு_வாத்தியார்:
இதில் நான் உங்கள் பக்கம். நான் சிறு பையனாக இருந்தபோது எங்கள் ஊர் உபதேசியார் சைக்கிளில் வருவார். ஒரு சாயங்காலத்துக்கு ஒரே வீடு. வந்தால் திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டி விலை, மழை, மாடு ஈன்றது எல்லாம் கேட்பார். பாட்டி தன் மருமகளைப் பற்றி ஒருபாட்டம் புலம்பித் தீர்ப்பாள். விளக்கேற்றிய பிறகுதான் வேதத்தைத் திறப்பார். எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சிலிருந்துதான் அவருக்குக் கிடைத்தது என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது. அவர் வருஷத்தில் எத்தனை வீடு முடித்தார் என்று யாரும் எண்ணவில்லை.

ஆனாலும் ஓய்வு நாள் என்று தனியாக ஒன்று வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி அம்மையாரைப் பாருங்கள். ஏமி கார்மைக்கேல் 1895ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951ல் மரிக்கும்வரை சொந்த நாட்டுக்கு விடுப்பில் ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை.

ஹைகிரவுண்ட்_நர்ஸ்:
ஐயா, அதே அம்மையார் 1931ல் களக்காட்டில் குழியில் விழுந்து அடிபட்டு, கடைசி 20 வருஷம் கிட்டத்தட்ட அறையைவிட்டு வெளியே வரவில்லை. அவர் புத்தகங்களில் பல அந்தப் படுக்கையில் எழுதியவை. டோனாவூரில் பிள்ளைகளையும் ஊழியரையும் கோடையில் மலைக்காட்டுக்கு அனுப்பி இளைப்பாற வைக்கிற ஏற்பாட்டைச் செய்தவரும் அவரே. தனக்கு ஒரு சட்டம் வைத்தார், மற்றவர்கள்மேல் அதைச் சுமத்தவில்லை.

கடலோரம்_உவரி:
நான் கத்தோலிக்கன், சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் இந்தக் கேள்வி வேறு மாதிரி. 1983ஆம் வருஷத் திருச்சபைச் சட்டத்திலேயே குருக்களுக்குத் தியானம் கடமை, ஆண்டு விடுமுறை உரிமை என்று இருக்கிறது. சாமியார் ஆண்டுத் தியானத்துக்குப் போனால் ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை. உவரி அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் அது நடக்கிறது. சட்டத்தில் எழுதியிருப்பதால் சாமியார் தானாக வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை பாருங்கள், அதுதான் வசதி.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டோம். மீன் கரையோரமாகப் பாய்ந்தாலும் வள்ளம் இறங்காது. ஒரு ஆள் மட்டும் ஓய்வெடுத்தால் அவன் சோம்பேறி. ஊரே கட்டுப்பாடு வைத்தால் யார் பேசுவது?

சுயாதீன_போதகர்:
இது என் இருதயத்தைத் தொட்டது. நாங்கள் இந்தப் பகுதியில் சில போதகர்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபிக்கிறோம். ஒருவர் ஓய்வில் போகும்போது மற்றவர் அவர் சபையில் பேசுவது, காணிக்கை அந்தச் சபைக்கே, ஒருவர் விசுவாசியை மற்றவர் இழுப்பதில்லை என்று பேசி முடித்தால் நடக்கும். மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்னதும் ஆட்களைப் பிரித்துக் கொடு என்பதுதானே. அடுத்த கூடுகையில் இதை முன்வைக்கிறேன். முதல் முறை யார் போவது என்பதில்தான் சண்டை வரும், எல்லாருக்கும் பயம்.

நாங்குநேரி_ஊழியர்:
உவரி அண்ணாச்சி சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். ஐயரோ நானோ கேட்டால் அது சலுகை, கமிட்டியே போட்டால் முறை. நகல் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“திங்கட்கிழமை முழுவதும் சேகர குருவுக்கும் சபை ஊழியர்களுக்கும் ஓய்வு. அன்று வரும் அழைப்புகளைச் சேகரச் செயலாளர் ஏற்பார். மரணம், உயிருக்கு ஆபத்தான நோய், விபத்து இவை மட்டும் குருவுக்கு உடனே தெரிவிக்கப்படும். மற்றவை செவ்வாய்க்கிழமை. திங்களன்று அடக்க ஆராதனை நடத்த நேர்ந்தால் அதே வாரத்தில் வேறொரு நாள் ஓய்வு. ஈஸ்டருக்குப் பின்னும் புது வருஷத்துக்குப் பின்னும் ஒரு வாரம் சேகரத்தில் எந்தக் கூட்டமும் வைப்பதில்லை. வீடு சந்திப்பு நோட்டில் எண்ணிக்கைக் கணக்கு கேட்பதில்லை.”

ஐயரம்மா_பேசுதேன்:
நல்லா இருக்கு தம்பி. “ராத்திரி எட்டரைக்கு மேல அறைவீட்டுக்கு அவசரம் தவிர வரக்கூடாது”ன்னு ஒரு வரி சேத்துருங்க. செயலாளர் சம்சாரத்துகிட்டயும் முன்கூட்டிச் சொல்லிருங்க, இனிமே அவுக வீட்டுக் கேட்டுதான் கிறீச்சுங்கும்.

பெங்களூர்_நெல்லையான்:
ஓய்வுநாள் பள்ளி டீச்சருங்களுக்கும் மாசத்துல ஒரு ஞாயிறு மாத்து ஆள்னு சேருங்க அண்ணே. மே மாசம் வி.பி.எஸ். முடிஞ்சதும் அவங்களுக்கும் அந்த ஒரு வாரம் வேணும்.

ஓய்வு_வாத்தியார்:
நகல் சரிதான். நான் கமிட்டியில் இருந்தால் கையைத் தூக்குவேன், முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன். ஒரு திருத்தம். திங்கள் என்று போடாதீர்கள், செவ்வாய் என்று போடுங்கள். ஞாயிறு அசனம் முடிந்தால் திங்கட்கிழமைதான் வாடகைப் பாத்திரக் கணக்கு, அண்டா, வாளி, கரண்டி எல்லாம் எண்ணித் திருப்பிக் கொடுப்பது, மிச்ச அரிசி ஏலம். ஐயர் இல்லாமல் எப்படி?

ஐயரம்மா_பேசுதேன்:
கரண்டி எண்ண ஐயர் எதுக்கு ஐயா? பொருளாளர் எண்ணட்டும்.

ஓய்வு_வாத்தியார்:
பொருளாளர் எண்ணினால் ஒரு கரண்டி எப்போதும் குறையும் அம்மா. சரி, நான் போய் எண்ணுகிறேன். திங்களே இருக்கட்டும்.